லாம்

நூற்றிப்பதினேழு என்று இலக்கமிட்ட குழாயில்
அரை மில்லிலீற்றர் பிளாஸ்மா.
வைக்கோல் நிறம். கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்.
மட்டக்களப்பு வெயில் வெளியே
தார் வீதியை இளக்கிக்கொண்டிருக்க
அது மைனஸ் எண்பதில் கிடக்கிறது.

படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்.
சாமித்தம்பி கணேசமூர்த்தி, வயது நாற்பத்துமூன்று,
லொறிக்கு நெல் மூட்டை ஏற்றுகிறவர்.
"ராவு ஏழு மணிக்குத் திண்ட புட்டுத்தான்,
பிறகு பச்சத்தண்ணியும் இல்ல மனே"
நான் கேட்கமுதலே சத்தியம் பண்ணினார்.
முழங்கை மடிப்பில் நாளம் கயிறாகப் புடைத்து நின்றது.
ஒரே குத்து.
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு
"இனி நீங்கள் போகலாம்" என்றேன்.

கொலஸ்ட்ரோல் நூற்றெண்பத்திரண்டு.
கவலைப்பட ஒன்றுமில்லை என்று
அனுப்பிவிடுகிற இலக்கம்.

ஆய்வு தேடியது வேறொன்றை.
செராமைட்டுகள்.
வாலின் நீளத்தில் மட்டும் வேறுபடுகிற
ஒரு வீட்டுக் கொழுப்புகள்.
பதினாறு காபன் வால் பெருகி
இருபத்துநாலு காபன் வால் அருகினால்
நாடியின் உட்சுவர் தடிக்கலாம்.
அடைபடலாம்.
முன்கூட்டியே சொல்லும் குறியாக அது இருக்கலாம்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதியவள் நான்.
இரண்டு பக்கத்தில் பதினொரு லாம்.
எண்ணிப் பார்த்துவிட்டு
ஒன்றையும் வெட்டமுடியாமல் விட்டேன்.

எங்கள் டொக்டர் நோயாளிகளுக்கு
முகத்துவாரத்தைச் சொல்லி விளங்கப்படுத்துவார்:
மணல் மூடினால் வாவி வீங்கும்,
வெட்டிவிட்டால் கடலுக்கு ஓடும்.
எல்லாரும் தலையாட்டுவார்கள்.
எனக்கு அது பிடிப்பதில்லை.
முகத்துவாரம் மூடினால் ஊருக்கே தெரியும்,
வயலுக்குள் வெள்ளம் நிற்கும்,
கச்சேரிக்கு ஆள் போகும், பெக்கோ வரும்.
இது
மூட்டை தூக்குகிறவனுக்கே தெரியாமல்
அவன் தூக்கத் தூக்க மூடுகிறது.

கொக்கட்டிச்சோலைத் தேருக்கு இரண்டு நாள் இருக்க,
இறக்கிய மூட்டையில் சாய்ந்து இருந்தவர்
எழும்பவில்லை.

மங்களேஸ்வரி வந்தது முப்பத்தொன்று முடிந்த பிறகு.
எங்கள் துண்டை மடித்து
பேர்சுக்குள் வைத்திருந்தாள்.
"அவர்ர ரெத்தம் இன்னும் இஞ்ச இரிக்காகா?"
இருக்கிறது.
"அதுல என்ன எழுதியிருக்கு?"

இன்னும் வாசிக்கவில்லை.
முந்நூறு பேர் சேரவேண்டும்.
பெட்டி நிறையவேண்டும்.
உலர்பனிக்குள் கொழும்பு போய்
அங்கிருந்து கடல் தாண்டவேண்டும்.
அங்கே ஒரு இயந்திரம்
மூலக்கூறுகளை ஒவ்வொரு சாதியாக நிறுக்கும்.
அதற்கும் பெயர் தெரியாது.
நூற்றிப்பதினேழு என்றுதான் சொல்லும்.

"அப்ப, முதலே தெரிஞ்சிருக்கலாமா?"

என் பதினொன்றிலும் இல்லாத லாம் அது.

தெரிந்திருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம்
என்றேன். உண்மை அதுதான்.
உண்மையைச் சொல்லிவிட்டு
மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

குழாயைக் காட்ட அனுமதி இல்லை.
கதவைக் காட்டினேன்.
அவள் உள்ளங்கையை உறைபெட்டியில் வைத்தாள்,
குளிரும் என்று நினைத்திருப்பாள்.
உள்ளே அவ்வளவு குளிரவைக்க
வெளியே அது சுடத்தான் வேண்டும்.
"சுடுகுது கா" என்றாள்.
கையை எடுக்கவில்லை.

பிறகு பேர்சை மூடி,
"நான் போகலாமா?"

அன்று காலை மட்டும் இருபத்தாறு பேரிடம்
சொல்லியிருந்த சொல்.
வாயில் வரவில்லை.
"போயிட்டு வாங்க" என்றேன்.

நாலரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இழுத்து இழுத்து
ஏழு நிமிடத்தில் பிடித்தது.
மைனஸ் எழுபத்தொன்பது.
கொப்பியில் நேரத்தோடு எழுதி
கையொப்பம் வைத்தேன்.